அப்போஸ்தலர்களின் எருசலேம் தீர்மானமும் மதுரை மறைப்பணியும்

எருசலேம் சங்கம் என்பது ஏறத்தாழ கி.பி. 49-ஆம் ஆண்டில் இயேசுவின் அப்போஸ்தலர்களும் எருசலேம் சபையின் மூப்பர்களும் கூடி நடத்திய ஆலோசனைக் கூட்டம் ஆகும். யூதரல்லாத ஒருவர் இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்பினால் அவர் முதலில் யூதராக மாற வேண்டுமா என்பதே அக்கூட்டத்தின் முன் இருந்த கேள்வி. வேண்டியதில்லை என்று அப்போஸ்தலர்கள் விடை கண்டனர். யூத சமயத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கிய கிறிஸ்தவம் பல இன மக்களுக்கும் உரிய சமயமாக வளர்வதற்கு இத்தீர்மானம் வழி திறந்தது.

ஏறத்தாழ 1,550 ஆண்டுகளுக்குப் பின்னர் இதே வகையான கேள்வி மதுரையில் எழுந்தது. தமிழர் ஒருவர் கிறிஸ்தவராக வேண்டுமானால் அவர் முதலில் பரங்கியாக மாற வேண்டுமா? இக்கேள்வியும் இதற்கு மதுரையில் அளிக்கப்பட்ட விடையும், தொடக்க காலக் கிறிஸ்தவ நம்பிக்கை எவ்வாறு உருவாயிற்று என்பதைத் தமிழ் வாசகர் தம் மண்ணிலேயே கண்டுணர உதவுகின்றன. அப்போஸ்தலர்களின் விடையில் இரண்டு பகுதிகள் இருந்தன. மதுரையில் முதற்பகுதி நிறைவேறியது; இரண்டாம் பகுதி நெடுங்காலம் நிறைவேறாமல் நின்றது.

அப்போஸ்தலர் என்ற சொல்

அனுப்பப்பட்டவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்போஸ்தலர் என்ற சொல் வந்தது. சீர்திருத்தத் திருச்சபையினர் இச்சொல்லையே வழங்குகின்றனர். கத்தோலிக்கர் இன்று திருத்தூதர் என்கின்றனர். இயேசு தேர்ந்தெடுத்த பன்னிருவரும், அவருடைய மறைவுக்குப் பின் இயக்கத்தில் சேர்ந்த பவுலும் இப்பெயரால் அழைக்கப்படுகின்றனர். பழைய தமிழ்க் கத்தோலிக்க மரபில் பேதுரு இராயப்பர் என்றும், பவுல் சின்னப்பர் என்றும், யோவான் அருளப்பர் என்றும் வழங்கப்பட்டனர். தென் மாவட்டங்களில் இப்பெயர்கள் இன்றும் மக்களின் பெயர்களாக வாழ்கின்றன.

அப்போஸ்தலர்களுள் ஒருவரான தோமா கி.பி. 52-இல் கேரளக் கரைக்கு வந்தார் என்பதும், கி.பி. 72-இல் மயிலாப்பூர்ப் பகுதியில் உயிர் நீத்தார் என்பதும் தென்னிந்தியக் கிறிஸ்தவரின் தொன்மையான மரபுச் செய்தி. அம்மரபு ஒருபுறமிருக்க, மதுரைச் சமவெளியில் கிறிஸ்தவம் பற்றிய வரலாற்று ஆவணங்கள் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன.

நம்பிக்கை எவ்வாறு உருவாயிற்று?

கிறிஸ்தவக் கோட்பாடுகள் அனைத்தும் தொடக்க நாளிலேயே முழுமையாக எழுதி வைக்கப்பட்டவை அல்ல. இயேசு தம் கையால் எந்த நூலும் எழுதவில்லை. அவர் உயிர்த்தெழுந்தார், அவரே ஆண்டவர் என்ற சுருக்கமான அறிக்கையே முதற்சீடர்களின் நம்பிக்கையாக இருந்தது. பவுலின் கடிதங்களே புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பகுதிகள். அவை ஏறத்தாழ கி.பி. 50-க்கும் 60-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டன. நற்செய்தி நூல்கள் அவற்றுக்குப் பின்னரே இன்றைய வடிவத்தை அடைந்தன.

பன்னிரு அப்போஸ்தலரும் ஆளுக்கொரு வரியாகச் சொல்லி விசுவாசப் பிரமாணத்தை இயற்றினர் என்றொரு கதை 4-ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் வழங்கிவந்தது. ஆனால் ஞானஸ்நானம் பெறுவோரிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலிருந்தும், உரோமைச் சபையில் வழங்கிய பழைய அறிக்கையிலிருந்தும் அது படிப்படியாக வளர்ந்தது என்பதே ஆய்வாளர் முடிவு. கி.பி. 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய பொதுச்சங்கங்கள் வேறு சில கேள்விகளுக்கு விடை கண்டன.

கேள்வி எழும், கருத்து வேறுபாடு தோன்றும், கூடிப் பேசுவர், முடிவு செய்வர். கிறிஸ்தவ நம்பிக்கை பெரும்பாலும் இவ்வாறுதான் தெளிவு பெற்றது. இம்முறையின் முதல் எடுத்துக்காட்டு எருசலேம் சங்கம்.

எருசலேமில் எழுந்த கேள்வி

முதற்சீடர்கள் அனைவரும் யூதர்கள். ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்வது, ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பது, விலக்கப்பட்ட உணவை உண்ணாமை ஆகியவை அவர்களுக்கு மோசேயின் சட்டம் விதித்த கடமைகள். யூதரல்லாதாருடன் ஒரே பந்தியில் உண்பதை அவர்களுள் பலர் தவிர்த்தனர்.

முதல் மாற்றம் செசரியா நகரில் நிகழ்ந்தது. அங்கிருந்த உரோமைப் படைத்தலைவன் கொர்நேலியுவின் வீட்டுக்குப் பேதுரு சென்று, அவன் வீட்டாருக்கு ஞானஸ்நானம் அளித்ததாக அப்போஸ்தலர் பணிகள் நூல் கூறுகிறது. பின்னர் சிரியாவின் அந்தியோக்கியா நகரில் யூதரும் கிரேக்கரும் கலந்த சபை ஒன்று உருவானது. சீடர்கள் முதன்முதலில் கிறிஸ்தவர் என்று அழைக்கப்பட்டது இந்நகரில்தான்.

யூதேயாவிலிருந்து வந்த சிலர் இந்நிலையை ஏற்கவில்லை. விருத்தசேதனம் செய்துகொள்ளாதவர் மீட்படைய முடியாது என்று அவர்கள் போதித்தனர். இது வெறும் சடங்குப் பிரச்சினை அன்று. விருத்தசேதனம் செய்துகொள்வது யூத இனத்தில் சேர்வதாகும். தன் குடும்பத்தையும் ஊரையும் மரபையும் விட்டு வேறொரு மக்களினத்தின் உறுப்பினர் ஆவதாகும். பவுலும் பர்னபாவும் இதை எதிர்த்தனர். வழக்கு எருசலேமுக்குச் சென்றது.

சங்கத்தில் பேதுரு தம் அனுபவத்தை எடுத்துரைத்தார். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபு முடிவை வகுத்தார். பிற இனத்தார் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டியதில்லை என்றும், நான்கு செயல்களை மட்டும் அவர்கள் தவிர்த்தால் போதும் என்றும் கடிதம் அனுப்பப்பட்டது. சிலைகளுக்குப் படைத்த உணவு, இரத்தம், கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட விலங்கின் இறைச்சி, ஒழுக்கக்கேடு ஆகியவையே அந்நான்கு.

இந்நான்கில் மூன்று உணவைப் பற்றியவை. அதன் காரணத்தை உணர்வது முக்கியம். யூதர் அருவருக்கும் உணவு பந்தியில் இல்லையென்றால், இரு சாராரும் ஒன்றாக அமர்ந்து உண்ண இயலும். ஆகவே தீர்மானத்தில் இரண்டு கூறுகள் இருப்பதைக் காணலாம். முதலாவது, கிறிஸ்தவர் ஆவதற்கு எவரும் தம் இனத்தை விட்டு வேறொரு இனத்தில் சேர வேண்டியதில்லை. இரண்டாவது, அவ்வாறு பல இனங்களிலிருந்து வந்தோர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதற்குத் தடை இருக்கக் கூடாது.

அந்தியோக்கியாப் பந்தி

இரண்டாம் கூறு எவ்வளவு கடினமானது என்பதைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது. பேதுரு அந்தியோக்கியாவுக்கு வந்தபோது யூதரல்லாத சீடர்களுடன் இயல்பாக உண்டுவந்தார். யாக்கோபைச் சார்ந்த சிலர் எருசலேமிலிருந்து வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அவ்வாறே விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். இந்நிகழ்ச்சி சங்கத்துக்கு முன்னர் நடந்ததா பின்னர் நடந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுத்துப் பேசவில்லை. எழுந்து வேறு இடத்தில் அமர்ந்தார், அவ்வளவே. ஆயினும் அச்செயல் நம்பிக்கையையே மறுப்பதாகும் என்று பவுல் கருதினார். யார் யாருடன் உண்கிறார் என்பது அவர் பார்வையில் கோட்பாட்டுக்கு வெளியே நிற்கும் பழக்கம் அன்று.

மதுரையில் எழுந்த கேள்வி

தமிழகத்தின் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பெருந்திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுக்குப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு தேவைப்பட்டது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் அங்கு வந்து அவர்களுக்குப் போதித்தார். அவருக்குப் பின் அங்குப் பணியாற்றிய என்றீக்கே என்றீக்கசு தமிழைக் கற்று இலக்கணம் எழுதினார். அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்துகளில் இந்தியாவில் அச்சான முதல் நூல் இதுவே.

கடற்கரைக்கு அப்பால், நாயக்கர் ஆட்சியின் தலைநகரான மதுரையில் நிலைமை வேறாக இருந்தது. இயேசு சபைத் துறவியான கொன்சாலோ பெர்னாண்டஸ் 1595-ஆம் ஆண்டளவில் மதுரைக்கு வந்தார். வணிகத்துக்காக மதுரைக்கு வந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்தினார். பள்ளிக்கூடமும் மருத்துவ உதவியும் ஏற்படுத்தினார். அவர் நல்லவர், எளியவர் என்ற மதிப்பைப் பெற்றார். ஆயினும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் மதுரை மக்களுள் எவரும் அவர் சமயத்தில் சேரவில்லை.

காரணம் ஒரு சொல்லில் அடங்கியிருந்தது. ஐரோப்பியரை மக்கள் பரங்கி என்று அழைத்தனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், தூய்மை பேணாதவர் என்ற பொருள்களும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பெர்னாண்டஸ் அதை இழிசொல்லாகக் கருதவில்லை. போர்த்துக்கீசியர் என்ற பொருளிலேயே அதை ஏற்றுக்கொண்டார். ஞானஸ்நானம் பெற வருவோரிடம், பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. இக்கேள்வியைச் செவியுற்ற மதுரைவாசி, கிறிஸ்தவர் ஆவது என்பது தம் குலத்தை விட்டு வேறொரு குலத்தில் சேர்வது என்றே புரிந்துகொண்டார். எருசலேமில் விருத்தசேதனம் எழுப்பிய அதே தடையை மதுரையில் இச்சொல் எழுப்பியது.

தெ நோபிலியின் விடை

இராபர்ட் தெ நோபிலி 1577-இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்தவர். 1605-இல் கோவாவை அடைந்து, 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார். நிலைமையை ஆராய்ந்தபின் பெர்னாண்டஸின் இல்லத்திலிருந்து பிரிந்து தனிக் குடிலில் வாழத் தொடங்கினார். காவி உடுத்தார். மரக்கறி உணவையே உண்டார். தமிழும் தெலுங்கும் கற்றார். சிவதர்மர் என்னும் அந்தணரிடம் சமஸ்கிருதம் பயின்றார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தனர். தாம் பரங்கி அல்லர் என்றும், உரோமாபுரியில் பிறந்த துறவி என்றும் ஓர் ஓலையில் எழுதித் தம் இல்லத்து வாயிலில் வைத்தார்.

அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர், பெர்னாண்டஸ் நடத்திய பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர். பல நாள்கள் நடந்த வாதத்துக்குப் பின்னரே அவர் இசைந்தார். பின்னர் அந்தணர் சிலரும் பிறரும் சேர்ந்தனர். அவர்கள் பூணூலையும் குடுமியையும் நீக்க வேண்டியதில்லை, சந்தனம் அணியலாம், வழக்கம்போல் நீராடலாம் என்று தெ நோபிலி அனுமதித்தார். இவை சமய அடையாளங்கள் அல்ல, சமூகத் தகுதியைக் காட்டும் அடையாளங்களே என்பது அவர் வாதம்.

சொற்களிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. என்றீக்கசின் காலத்தில் திருப்பலியைக் குறிக்கப் போர்த்துக்கீசியச் சொல்லே மீசை என்று தமிழ் ஒலியில் எழுதப்பட்டது. தமிழருக்கு அது உதட்டின் மேல் வளரும் மீசையைத்தான் நினைவூட்டும். தெ நோபிலி பூசை என்றார். கடவுளைச் சர்வேசுரன் என்றார். குரு, வேதம் போன்ற சொற்களையும் கையாண்டார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் ஆகியவை அவருடைய தமிழ் நூல்களுள் சில.

இதற்கு முன்மாதிரி புதிய ஏற்பாட்டிலேயே உண்டு. கிரேக்க நகர மக்களின் மன்றத்தைக் குறித்த சொல்லையே சீடர்கள் தம் சபைக்குப் பெயராகக் கொண்டனர். கிரேக்க மெய்யியலில் வழங்கிய லோகோஸ் என்ற சொல்லை யோவான் நற்செய்தி இயேசுவுக்கு வழங்கியது. மக்கள் அறிந்த சொல்லில் புதிய பொருளை ஏற்றும்போதுதான் ஒரு நம்பிக்கை புதிய மொழியில் வேர்கொள்ளும். பின்னாளில் சீர்திருத்தத் திருச்சபையின் மொழிபெயர்ப்புகளில் பராபரன், தேவன் என்ற சொற்களும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் கடவுள் என்ற சொல்லும் வழங்கியதை நோக்கினால், இத்தேடல் நீண்டகாலம் தொடர்ந்தது புலனாகும்.

எதிர்ப்பும் தீர்ப்பும்

பெர்னாண்டஸ் 1610-இல் மேலிடத்துக்குக் குற்றச்சாட்டு எழுதினார். தெ நோபிலி பிற சமயச் சடங்குகளை ஏற்கிறார், கிறிஸ்தவர்களை இரண்டாகப் பிரிக்கிறார் என்பவை அவற்றுள் முக்கியமானவை. 1619-இல் கோவாவில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் பெரும்பான்மையோர் தெ நோபிலிக்கு எதிராக இருந்தனர். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் அவரை ஆதரித்தார். வழக்கு உரோமைக்குச் சென்றது.

திருத்தந்தை 15-ஆம் கிரகோரி 1623 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை சமய நோக்கமின்றிக் கடைப்பிடிக்கப்பட்டால் அவற்றைத் தற்காலிகமாக அனுமதிக்கலாம் என்றார். அதே ஆவணத்தில், உயர்குலத்தோர் எளிய குலத்தில் பிறந்தோரை, சிறப்பாகக் கோவிலில், இகழக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டார். எருசலேம் தீர்மானத்தின் இரண்டு கூறுகளும் இத்தீர்ப்பில் எதிரொலிப்பதைக் காணலாம். முதலாவது அனுமதியாக வந்தது. இரண்டாவது வேண்டுகோளாக மட்டுமே வந்தது.

நிறைவேறாத இரண்டாம் கூறு

பெர்னாண்டஸின் குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மை. தெ நோபிலியைச் சார்ந்தோர் பரதவக் கிறிஸ்தவருடன் ஒரே கோவிலில் கூடவில்லை. ஒரே பந்தியில் உண்ணவும் இல்லை. அவருக்குத் தனிக் கோவில், தனி இல்லம், தனிச் சமையல் இருந்தன. சாதியைச் சமூக வழக்கம் மட்டுமே என்று கொண்டதால் ஏற்பட்ட விளைவு இது.

ஒடுக்கப்பட்ட மக்களும் சமயத்தில் சேர விரும்பியபோது சிக்கல் வெளிப்பட்டது. 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமி என்னும் புதிய முறையைத் தொடங்கினார். சைவப் பண்டாரங்களைப்போல் உடை அணிந்த இத்துறவியர், ஒடுக்கப்பட்டோர் உட்படப் பலதரப்பட்ட மக்களிடம் செல்ல முடிந்தது. 1693-இல் ஓரியூரில் கொல்லப்பட்ட அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ இம்முறையில் பணியாற்றியவர். இதனால் எளிய மக்கள் திரளாகச் சேர்ந்தனர். ஆனால் உயர்சாதியினருக்கு ஒரு வகைக் குரு, மற்றவருக்கு வேறு வகைக் குரு என்ற பிரிவு நிலைபெற்றது. தெ நோபிலி இறுதியில் கண்பார்வை குன்றி, 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் மறைந்தார்.

1704-இல் திருத்தந்தையின் தூதர் சார்லஸ் தெ தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, மறைப்பணியின் பல வழக்கங்களைத் தடைசெய்தது. நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்கே சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது அவ்வாணையின் விதிகளுள் ஒன்று. அதுவரை அவ்வாறு செல்வது வழக்கமாக இருந்திருந்தால் அவ்விதி தேவைப்பட்டிராது. 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் இவ்வழக்கில் இறுதி ஆணை பிறப்பித்த பின்னும் பிரிவினை மறையவில்லை.

சீர்திருத்தத் திருச்சபையினரும் இதே சோதனையைச் சந்தித்தனர். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், 1847-இல், சாதியைக் கைவிடாதவர் சபை உறுப்பினராக இருக்க முடியாது என்று முடிவு செய்தது. சாதி பாராது எல்லோருடனும் அமர்ந்து உண்பதே அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அந்தியோக்கியாவில் பவுல் எழுப்பிய அதே பந்திக் கேள்வி இங்கு வெளிப்படையாக வைக்கப்பட்டது. பலர் சபையிலிருந்து விலக்கப்பட்டனர். கத்தோலிக்கர் பக்கத்தில், 1838-இல் புதுப்பிக்கப்பட்ட மதுரை மறைப்பணியின் எல்லைக்குள் இருந்த வடக்கன்குளத்தில், 1872-இல் கட்டப்பட்ட கோவிலில் சாதியினரைப் பிரிக்கும் சுவர் இருந்தது. அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. அக்கோவிலின் இடம் மதுரை அன்று, திருநெல்வேலிப் பகுதி. எனினும் இரண்டும் ஒரே மறைப்பணியின் வரலாற்றைச் சேர்ந்தவை.

மதிப்பீடு

தெ நோபிலியைத் தமிழ் உரைநடையின் முன்னோடிகளுள் ஒருவர் என்று தமிழறிஞர் போற்றுகின்றனர். ஒருவர் தம் மொழியையும் உடையையும் உணவையும் இழக்காமலே புதிய நம்பிக்கையை ஏற்கலாம் என்பதை அவர் மதுரையில் நிலைநாட்டினார். இது அப்போஸ்தலர்களின் முடிவோடு முழுமையாகப் பொருந்துகிறது. சாதிப் பிரிவினைக்கு அவர் இடம் கொடுத்தார் என்று அவரைக் குறை கூறுவோரும் உள்ளனர். அதுவும் அப்போஸ்தலர்களின் முடிவை அளவுகோலாகக் கொண்டே கூறப்படுகிறது.

இவ்விரண்டு மதிப்பீடுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. பண்பாட்டை மதிப்பது வேறு. அப்பண்பாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை ஏற்பது வேறு. இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று என்பதற்குப் பேதுருவே சான்று. செசரியாவில் துணிந்து பிற இனத்தார் வீட்டுக்குள் நுழைந்த அவரே அந்தியோக்கியாவில் பந்தியை விட்டு எழுந்தார்.

இன்று தென் மாவட்டக் கோவில் திருவிழாக்களில் அசனம் என்ற பெயரில் பொது விருந்து நடைபெறுகிறது. எல்லோரும் வரிசையாக அமர்ந்து ஒரே சோற்றை உண்கின்றனர். அதே வேளையில், சாதிவாரியாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் தமிழகத்தின் சில ஊர்களில் இன்னும் உள்ளன. அவற்றை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் குரல் எழுப்பிவருகின்றனர். எருசலேம் தீர்மானத்தின் முதற்கூறு மதுரைச் சமவெளியில் 17-ஆம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் கூறு இன்னும் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது.